கரண்ட் திரும்பும் வழி

பாட்டு ஓடும்போது எல்லா ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஆம்ப்ளிஃபயர்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் செட்டின் யோக்கியதை வெளியே வரும். அப்போது ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று முனகினால், பார்ட்டி மறுநாள் காலையிலேயே செட்டைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பட்டறைக்கு வந்துவிடுவார். கடலூர்க்காரரோ அரூர்க்காரரோ, கடத்தூரோ பொம்மிடியோ, சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, பாட்டெல்லாம் சூப்பரா பாடுதுங்க. சும்மா இருக்கும்போதுதான் கத்துது."

இதற்கு எங்கள் தொழிலில் ஹம்மிங் என்று பெயர். மேஜைமேல் வரும் சாமான்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வால்வு ரேடியோ போய் டேப் ரிக்கார்டர் வந்தது, அது போய் ஹோம் தியேட்டர், இப்போது புளூடூத் போர்டு. ஹம்மிங் மட்டும் எல்லாவற்றோடும் கூடவே வருகிறது. மற்ற கோளாறுகளில் கெட்டுப்போன பொருள் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் என்றால் மீட்டர் சொல்லும். ரெசிஸ்டர் கருகினால் மூக்குக்கே தெரியும். ஹம்மிங்கில் பல நேரம் எந்தப் பொருளும் கெட்டிருக்காது. ஒவ்வொன்றையும் கழற்றி அளந்து பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். மறுபடி மாட்டினால் கத்தும். பட்டறைக்கு வரும் வேலைகளில் நான் ஆசையோடு உட்காருவது இதற்குத்தான்.

சத்தத்தின் ஊற்று ஈபி லைன். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்மாநில கிரிட் மற்ற மாநிலங்களின் கிரிட்டோடு சேர்ந்தது. அதன்பிறகு மேட்டூர் அணையில் சுழலும் ஜெனரேட்டரும் பக்ரா அணையில் சுழலும் ஜெனரேட்டரும் ஒரே தாளக்கட்டில்தான் ஓடுகின்றன. அதாவது என் மேஜையில் முனகும் செட்டும் டெல்லியில் யாரோ வீட்டில் முனகும் செட்டும் ஒரே சுருதி. நாள் முழுக்க இந்த 50 மிக மிக லேசாக ஏறி இறங்கும். ஒலிப்பதிவைச் சோதிக்கும் தடயவியல் ஆட்கள் பதிவுக்கு அடியில் கிடக்கும் ஹம்மிங்கை எடுத்து, கிரிட்டின் ஏற்ற இறக்கக் கணக்கோடு ஒப்பிட்டு, அது எப்போது பதிவானது என்றுகூடக் கண்டுபிடிக்கிறார்கள். நாங்கள் தொலைத்துக்கட்டப் பார்க்கும் சத்தம் அவர்களுக்குச் சாட்சி.

ஆனால் எல்லா ஹம்மிங்கும் ஒன்றல்ல. செட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் செய்வது ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பதுதான். ஒன்று 'ம்ம்ம்' என்று உருண்டையாக, மழமழவென்று வரும். வூஃபர்மேல் விரல் வைத்தால் காதைவிட விரலுக்கு முதலில் தெரியும். அது சுத்தமான 50 ஹெர்ட்ஸ். மற்றது 'ர்ர்ர்' என்று ஓரம் கரடுமுரடாக வரும். அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பிரிட்ஜ் டயோடு அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் 50 அங்கே 100 ஆகிவிடுகிறது. ஆகவே உருண்டைச் சத்தம் வந்தால் டயோடுக்கு வெளியே தேட வேண்டும்: ஷீல்டு விட்டுப்போன வயர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம், இரண்டு செட்டுக்கு நடுவே ஓடும் எர்த். கரடுமுரடாக வந்தால் டயோடுக்குப் பிறகு தேட வேண்டும். காது மட்டும் பழகிவிட்டால் பாதி வேலை ஸ்க்ரூடிரைவர் எடுக்காமலேயே முடிந்துவிடும். இளம் மெக்கானிக்குகள் செட்டு வந்ததும் கவரைக் கழற்றுகிறார்கள். நான் முதலில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கடைக் கதவைச் சாத்துவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய மைக் செட்டுகளில் ஹம்மிங்கே இல்லை, அந்தக் காலத்துச் சாமான் அப்படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாமான் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை. கல்யாண வீட்டுக் கூரையில் கட்டிய கூம்புக் குழாயால் அடித்தொண்டைச் சத்தத்தைப் பாடவே முடியாது. முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அது கிட்டத்தட்ட ஊமை. ஆம்ப்ளிஃபயர் 50-இலும் 100-இலும் கத்திக்கொண்டேதான் இருந்தது. குழாய் அதை வெளியே விடவில்லை. பெட்டி ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வந்த பிறகுதான் உள்ளே இருந்த குற்றம் ஊருக்குத் தெரிந்தது. இன்றைக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரைப் புது 12 இஞ்ச் பெட்டியில் மாட்டிவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துதுங்க" என்று வருகிறவர்கள் உண்டு. நேற்றும் அப்படித்தான் இருந்தது.

காதுக்கு அடுத்தது வால்யூம். முழுக்கக் குறைத்து வைக்கிறேன். சத்தம் குறைந்தால் குற்றவாளி வால்யூமுக்கு முன்னால் இருக்கிறான்: ஒயர், பிளேயர், பிரீ போர்டு. குறையாமல் அப்படியே நின்றால் வால்யூமுக்குப் பின்னால், அதாவது பவர் போர்டிலோ சப்ளையிலோ. அதற்குமேல், இன்புட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, உள் முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைத்த ஆர்சிஏ பின் ஒன்றைச் சொருகுவேன். இந்தப் பின்னுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. இதைச் சொருகியதும் செட்டு அமைதியானால் செட்டுமேல் குற்றமில்லை. இனி பார்ட்டி வீட்டில்தான் வேலை. சொருகியும் கத்தினால் செட்டுக்குள் வேலை. வெறும் பின்னை விரலால் தொட்டு 'பூம்' என்று வருவதைக் கேட்டு "இன்புட் ஓகே" என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் பரம்பரைப் பழக்கம். இன்புட்டுக்கு உயிர் இருக்கிறது என்று அது சொல்லுமே தவிர, ஹம்மிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

செட்டுக்குள் வேலை என்று முடிவானால் எல்லோரும் கை வைக்கும் முதல் இடம் மெயின் கண்டன்சர். அதில் தப்பில்லை. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. ஹீட்சிங்க்குக்கு ஒட்டினாற்போல் கண்டன்சரை நிறுத்தியிருக்கும் செட்டுகளில் அது சீக்கிரமே செத்திருக்கும். தலை உப்பியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உப்பாமலும் சாகும், அதற்கு மீட்டர் வேண்டும். கணக்கும் எளிது. ஒரு ஆம்பியர் இழுக்கும் செட்டில் 4700 மைக்ரோ ஃபாரட் போட்டால் சப்ளையில் சுமார் 2 வோல்ட் அலை நிற்கும். பத்தாயிரம் போட்டால் 1 வோல்ட். இதோடு, சந்தையில் கிடைக்கும் மலிவுச் சரக்கில் மேலே 10,000 என்று அச்சடித்திருக்கும், மீட்டரில் வைத்தால் பாதிகூடக் காட்டாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சேலத்தில் வாங்கினாலும், அளந்து பார்க்காமல் நான் ஈயம் வைப்பதில்லை.

தகராறு இதற்கு அப்புறம்தான். கண்டன்சர் மாற்றியும் ஹம்மிங் போகவில்லை என்றால் இன்னும் பெரிதாகப் போடு, இன்னும் இரண்டு சேர்த்துப் போடு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். சில அசெம்பிள் செட்டுகளைத் திறந்தால் கண்டன்சர் வரிசையைப் பார்த்தே பயம் வரும். விசித்திரம் என்னவென்றால், கண்டன்சரைப் பெரிதாக்கிய பிறகு 'ர்ர்ர்' கூடிப்போன செட்டுகளும் உண்டு. இதை நம்பாதவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

டயோடு வழியாகக் கரண்ட் சீராக ஓடுவதில்லை. அலையின் உச்சியில் மட்டும், பத்து மில்லி செகண்டில் இரண்டு மில்லி செகண்ட் போல, கதவைத் திறந்து தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். பாட்டு இல்லாமல் சும்மா இருக்கும் செட்டு சராசரியாக 200 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். அத்தனையும் அந்த இரண்டு மில்லி செகண்டுக்குள் வந்தாக வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் ஓடுவது ஒரு ஆம்பியருக்கு மேல். கண்டன்சர் பெரிதானால் கதவு திறக்கும் நேரம் இன்னும் குறுகும், தள்ளும் வேகம் இன்னும் கூடும். இந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரிலிருந்து கண்டன்சருக்குப் போய்த் திரும்ப வேண்டும். போகிற வழியில் இன்புட்டின் எர்த் ஒயரும் சேர்ந்திருந்தால் போச்சு.

எவ்வளவு போச்சு என்று பார்ப்போம். நாம் சாதாரணமாகப் போடும் அரை சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடை 0.0034 ஓம். மீட்டரில் வைத்தால் பூஜ்யம் என்றுதான் காட்டும். அதில் ஒரு ஆம்பியர் ஓடினால் 3.4 மில்லி வோல்ட். பவர் ஆம்ப்ளிஃபயர் முப்பது மடங்கு பெருக்குவதாக வைத்தால் ஸ்பீக்கரில் 100 மில்லி வோல்ட். ராத்திரி பத்து மணிக்கு அமைதியான வீட்டில் 100 மில்லி வோல்ட் என்றால் அடுத்த அறையில் படுத்திருப்பவர்கூட "அதை அணைச்சுத் தொலை" என்பார். பத்து சென்டிமீட்டர் ஒயர் செய்யும் வேலை இது. இங்கே எத்தனை கண்டன்சர் போட்டு என்ன பயன்?

ஆகவே நான் செட்டுக்குள் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒயரைப் பார்ப்பேன். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர் எங்கே போகிறது? நேராக இரண்டு மெயின் கண்டன்சர்களும் சேரும் முனைக்குப் போக வேண்டும். அந்த முனையிலிருந்து ஒரு கனமான ஒயர் தனியாக ஒரு பொதுப்புள்ளிக்கு வர வேண்டும். ஸ்பீக்கரின் எர்த், பவர் போர்டின் எர்த், இன்புட்டின் எர்த் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி ஒயராக அந்தப் புள்ளிக்கு வந்து சேர வேண்டும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறக்கூடாது. பார்க்க நட்சத்திரம் மாதிரி இருப்பதால் ஸ்டார் எர்த் என்கிறோம். புள்ளியைக் கண்டன்சர் முனையிலேயே வைப்பவர்களும் உண்டு. நான் அதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித்தான் வைப்பேன், ஏனென்றால் அந்த முனையில்தான் தள்ளுமுள்ளு. இதைச் செய்ய எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. பழைய ஒயரைப் பிடுங்கிப் புது வழியில் ஈயம் வைத்தால் போதும். வயலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரைப் பெரிதாக்குவதற்கு முன்னால் வரப்பு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, அதே வேலைதான்.

ஹம்மிங் தீர்ப்பதென்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடினால் போதாது என்பது என் அனுபவம். கரண்ட் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று தேட வேண்டும். போகும் வழியை எல்லா மெக்கானிக்கும் படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். திரும்பும் வழியைப் படத்தில் மூன்று கோடு போட்ட ஒரு குறியாகக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். படத்தில் இருபது இடத்தில் அந்தக் குறி இருந்தால், இருபதும் ஒரே இடம் என்று கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். செட்டுக்குள் அவை இருபதும் வேறு வேறு இடங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் தனிக்கதை. தகடு அடுக்கிய ஈஐ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் வெளியே கொஞ்சம் கசியும். பிரீ போர்டு அதற்குப் பக்கத்தில் இருந்தால் உருண்டைச் சத்தம் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைக் கழற்றி, செட்டு ஓடும்போதே டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும் (ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையால் மட்டும்). ஏதோ ஒரு கோணத்தில் சத்தம் சட்டென்று அமுங்கும். அந்தக் கோணத்திலேயே போல்ட் போட்டுவிட வேண்டியதுதான். பார்க்கக் கோணலாக இருக்கிறதே என்று பார்ட்டி கேட்டால், கவர் மூடினால் தெரியாது. வளைய வடிவ டோராய்டல் போட்டால் கசிவு நன்றாகக் குறையும், விலைதான் கூடுதல்.

சிலர் கொண்டுவரும் சத்தம் ஸ்பீக்கரிலிருந்தே வராது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாலும் பெட்டி உறுமும். அது தகடு தளர்ந்த டிரான்ஸ்ஃபார்மர். ராத்திரி லோடு குறைந்து வோல்டேஜ் 250-ஐத் தொடும்போது உறுமல் கூடும். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தால் தீரும். அதற்காக என்னைத் தேடி வர வேண்டியதில்லை, மோட்டார் காயில் கட்டுகிறவரே செய்துவிடுவார்.

இப்போது வீட்டுக்குள் போகலாம். பட்டறையில் அமைதியாக இருந்த செட்டு வீட்டுக்குப் போனதும் கத்தினால், முதலில் நான் கேட்பது "கேபிள் டிவி கனெக்ஷன் செட்டுல இருக்குதுங்களா?" என்றுதான். கேபிளின் வெளிவலை தெருக் கம்பம் வழியாக வருகிறது; அதற்கு எங்கோ ஓர் எர்த். ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின்னுக்கு வீட்டில் ஓர் எர்த். இரண்டும் ஒரே அளவில் இருக்காது, ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் வரும். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் மெல்லிசு ஷீல்டு வயர்தான் அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே பாலம். அதில் ஓடக்கூடாத கரண்ட் ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. பாக்ஸிலிருந்து கேபிளின் திருகைக் கழற்றியதும் செட்டு கப்சிப் ஆனால் இதுதான் நோய். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த அந்த ஒளிக்கம்பியில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போக வழியே இல்லை. இல்லாவிட்டால் கேபிளில் ஒரு ஐசொலேட்டர். அதுவும் கிடைக்காவிட்டால் ஆடியோ வழியில் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்.

இதே நோய் பெரிய அளவில் வருவது திருவிழாவில். வாணியாறு அணைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருக்கூத்து. கூத்தில் ஹம்மிங் வந்தால் தாங்காது. கட்டியங்காரன் பேசி நிறுத்தும் இடமெல்லாம் அமைதியை நம்பித்தான் இருக்கிறது. மைக் செட் போட்ட பையன் போன் போட்டான்.

"எர்த் சரியில்லீங்கண்ணா. கம்பி அடிச்சு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தியாச்சு, உப்பும் போட்டாச்சு. போகவே மாட்டேங்குது."

போனிலேயே சத்தத்தைக் கேட்டேன். 'உம்… உம்… உம்…' என்று அலையலையாக ஏறி இறங்கியது.

"மிக்சருக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்த தம்பி?"

"கோயில்லிருந்துங்க."

"ஆம்ப்ளிஃபயருக்கு?"

"ஜெனரேட்டர்ங்கண்ணா."

அந்த ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிட்டது. ஈபி கரண்ட் 50-ஐ விட்டுப் பெரிதாக நகராது. வாடகை ஜெனரேட்டர் 51-லோ 49-லோ ஓடும். இரண்டும் ஒரே ஷீல்டு வயரில் கலந்தால்தான் அப்படி அலை அடிக்கும். ஜெனரேட்டரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேடைவரை இழுத்து மிக்சரையும் அதிலேயே சொருகச் சொன்னேன். முகவீணை தொடங்கும் முன் சத்தம் நின்றுவிட்டது. இணைந்து வேலை செய்யும் செட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள் என்பது மைக் செட்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம். அது முடியாத தூரம் என்றால் இரண்டு கம்பி ஓடும் பேலன்ஸ்டு கேபிள் போட வேண்டும். இரண்டு கம்பியிலும் ஹம்மிங் ஒரே மாதிரி ஏறும், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுவதால் பாட்டு மட்டும் மிஞ்சும்.

அந்தப் பையன் உப்பும் தண்ணீரும் ஊற்றியது வீண் வேலை என்று சொல்லமாட்டேன், உயிருக்கு அது நல்லது. ஆனால் ஹம்மிங் போக நல்ல எர்த் வேண்டும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரம், பாறை மண், சித்திரை வந்தால் எர்த் குழி காய்ந்துவிடும். ஆகவே எல்லாப் பழியும் குழிமேல். கார் ஸ்டீரியோவில் எத்தனை ஆயிரம் வாட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், காருக்கு எர்த் குழி யார் தோண்டினார்கள்? செட்டு அமைதியாக இருக்க பூமி தேவையில்லை. செட்டுக்குள் கரண்டுக்கு ஒழுங்கான வழி இருந்தால் போதும். பூமி, ஷாக் அடித்து யாரும் சாகாமல் இருக்க.

இன்றைய தேதியில் பட்டறைக்கு அதிகம் வருவது போன் சார்ஜர் கேஸ். போனை ஆக்ஸ் ஒயரில் மாட்டிப் பாட்டு போட்டால் சுத்தம். சார்ஜரும் மாட்டினால் 'ர்ர்ர்'. இரண்டு பின் சார்ஜருக்குள் ஈபி பக்கத்தையும் போன் பக்கத்தையும் இணைத்து ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும். அது இல்லாவிட்டால் ரேடியோ, டிவி எல்லாவற்றிலும் இரைச்சல் ஏறும் என்பதற்காகவே வைத்தது. அதன் வழியாக மிகக் கொஞ்சம் கரண்ட் கசியும். சார்ஜ் ஏறும்போது இரும்பு ஓரம் வைத்த போனைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போலிருப்பதும் அதனால்தான். நல்ல சார்ஜரில் ஆபத்தில்லை. அந்தக் கசிவு ஆக்ஸ் ஒயர் வழியாகத்தான் திரும்புகிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அல்லது புளூடூத்தில் பாடவிடுங்கள், தீர்ந்தது.

புளூடூத் போர்டையே செட்டுக்குள் வைப்பவர்களுக்கு வேறு தலைவலி. 12 வோல்ட் 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கு ஓடும் சப்ளையிலேயே 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் எடுத்துப் புளூடூத்துக்குக் கொடுப்பார்கள். உடனே 'குய்ய்ங்' என்று ஊசிச் சத்தம், நடுநடுவே 'டிக் டிக்'. இது ஈபி ஹம்மிங் அல்ல, ஆனால் காரணம் அதே காரணம்: புளூடூத்தின் சப்ளை எர்த்தும் ஆடியோ எர்த்தும் இரண்டு வழியாகச் சேர்கின்றன. பி 0505 என்று நாலு கால் வைத்த ஒரு கட்டை கிடைக்கிறது. உள்ளே 5 வோல்ட், வெளியே 5 வோல்ட், நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. அதை நடுவில் வைத்தால் சத்தம் அந்த நொடியே நிற்கும். பில்டர், காயில், கண்டன்சர் என்று நாள் முழுக்க அலைந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் ரிக்கார்டு பிளேயர் கொண்டுவந்தார். ஊசியிலிருந்து வருவது சில மில்லி வோல்ட்தான். அதுவும் ரிக்கார்டில் அடிச்சத்தத்தைக் குறைத்து வெட்டியிருப்பதால், பாடும்போது ஆர்ஐஏஏ என்ற ரிக்கார்டு கணக்குப்படி 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஹம்மிங்குக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கே கிடைக்கும்? அவர் பிளேயரின் பின்னால் நுனியில் பிளவுபட்ட தகடு வைத்த மெல்லிய ஒயர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் திருகில் அதை மாட்டினேன். அவ்வளவுதான். "என்ன ஆச்சுங்க?" என்றார். கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. "டீ சொல்லுங்க சார்" என்றேன்.

எங்கள் தொழிலின் நிரந்தர மனக்குறை இது. பொருள் மாற்றினால் காசு கொடுப்பார்கள், பழைய பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு. ஒயரின் வழியை மாற்றினால் "ஒண்ணுமே போடலையே" என்பார்கள். அதனாலேயே சில மெக்கானிக்குகள் தேவையில்லாத கண்டன்சரை மாற்றிக் கணக்குக் காட்டுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குறை கேட்பவரிடமும் இருக்கிறது.

ஆனால் ஒரு குறுக்குவழியை மட்டும் மன்னிக்க முடியாது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிடுவது, அல்லது உள்ளே பச்சை ஒயரைக் கழற்றிவிடுவது. ஹம்மிங் அந்த நொடியே நிற்கும், பார்ட்டி சந்தோஷமாகப் போய்விடுவார். எர்த் வழியே போகும் சுற்றை அறுத்துவிட்டால் சத்தம் நிற்கத்தானே செய்யும். நாளைக்கு டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் உருகி 230 வோல்ட் பெட்டிக்கு வந்தால், அது ஷீல்டு வயர் வழியாக மைக்கின் இரும்பு வலைக்கே வந்து நிற்கும். 1972 மே 3-ஆம் தேதி பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். நம் ஊர்த் திருவிழாவில் பாடுபவர்கள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மைக் பிடிக்கிறார்கள்.

பின்னை வெட்டாமலே வழி இருக்கிறது. பச்சை ஒயரைப் பெட்டியின் இரும்போடு தனி போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். ஆடியோ எர்த்தை மட்டும் நேராகப் பெட்டியில் சேர்க்காமல், நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் டயோடு ஒன்று, 0.1 மைக்ரோ கண்டன்சர் ஒன்று வைத்துச் சேருங்கள். பிரிட்ஜின் ஏசி முனைகள் இரண்டில் ஒன்றை ஆடியோ எர்த்துக்கும் மற்றதைப் பெட்டிக்கும் கொடுத்து, பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். சின்ன ஹம்மிங் வோல்டேஜால் அந்த 10 ஓமைத் தாண்டிப் பெரிதாகக் கரண்ட் ஓடாது. பெரிய கோளாறு வந்தால் டயோடு வழிவிட்டு, ஃபியூஸ் எரியும், ஆள் பிழைப்பார். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. கூடவே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் ஆர்சிசிபி ஒன்றும் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஹம்மிங்கோடு செட்டைக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். பின் வெட்டிய பிளக்கோடு வந்தால் முதலில் பிளக்கை மாற்றிய பிறகுதான் கவரைத் திறப்பேன். அந்தக் காசையும் சேர்த்துத்தான் வாங்குவேன்.